பாரம் குறைக்கும் இந்திராவதி

ஜீன்ஸ் இரண்டை உருவிக் கட்டில்மேல் போட்டுவிட்டு, இந்திராவதி மறுபடியும் பைக்குள் கைவிட்டாள். பைக்குச் சொந்தக்காரனான பிரிஸ்பேன்காரன் ஓரமாக நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். கடலில் பலகைமேல் அலைச்சறுக்கு விளையாட வந்தவன், விடிந்தால் சின்னப் படகில் தீவுக்குப் போக வேண்டும். பையிலோ தோல் பூட்ஸ், கோட்டு, முடி உலர்த்துகிற மெஷின்.

"இத்த இன்னாத்துக்குத் தூக்கிக்கினு வந்தான்? கல்யாணத்துக்கா போறான்?" என்று பையிடம் தமிழில் கேட்டாள். ஆளிடம், "டூ ஷார்ட்ஸ், ஒன் டவல், ஃபினிஷ்" என்றாள்.

ஃபிஜியில், மார்டின்டாரில் கடைகளுக்குப் பின்னால் நான்கு அறை விடுதி அவளுடையது. அறுபதை நெருங்குகிறாள். வீட்டில் ஃபிஜி ஹிந்தி, விருந்தினரிடம் துண்டு துண்டாய் ஆங்கிலம். தமிழ் கோயிலில் வரும், கோபத்தில் வரும், பை பிரிக்கும்போது வரும். எடுத்ததையெல்லாம் பின்னறையில் பூட்டி வைத்து, அவர்கள் தீவிலிருந்து திரும்பும்போது அப்படியே கொடுப்பாள். அவள் மகன் ரவ்னீல் படகோட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஒருநாள் பாரம் தாங்காமல் படகு தண்ணீர் மொண்டு, அவன் நீந்திக் கரையேறினான். அன்று தொடங்கிய பழக்கம்.

இரண்டாயிரத்தில் தலைநகர் சுவாவில் ஆட்சியைக் கவிழ்த்தபோது மருமகள் சோனம் பக்கத்து நசினுவில் தாய்வீட்டில் இருந்தாள். இந்தியர் கடை என்பதால் அப்பாவின் கடையை அவள் கண்ணெதிரே உடைத்து, தராசு வரை அள்ளிக்கொண்டு போனார்கள். மார்டின்டார் திரும்பிய பிறகும், யாராவது கதவைத் தட்டினால் அவள் பின்னறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். ரவ்னீலும் அவளும் ஆஸ்திரேலியா போய்விடுவது என்று முடிவாயிற்று. கிடைத்ததோ சுற்றுலா விசா. அங்கே விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்ப்பவர் கண்ணுக்கு, விடுமுறையில் அலைச்சறுக்கு விளையாட வந்த ஜோடியாகத்தான் இருவரும் தெரிய வேண்டும்.

சோனம் ஆசிரியைச் சான்றிதழ்களை அடுக்கினாள், கல்யாண ஆல்பத்தை வைத்தாள், பித்தளை விளக்கைச் சேலையில் சுற்றி வைத்தாள். இந்திராவதி ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். "சுட்டிக்குப் போறவ வெளக்கு எடுத்துக்கினு போவாளா?" சோனத்துக்குத் தமிழ் தெரியாது, ஆனால் விடுமுறையைக் குறிக்கும் ஹிந்திச் சொல்லான 'சுட்டி'யால் இது புரிந்தது. விளக்கை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமியார் பிடுங்கவில்லை. அவளாகத் தரும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு சின்னப் பைகளும் ஒரு புது அலைச்சறுக்குப் பலகையுமாக அவர்கள் விமானம் ஏறினார்கள்.

கலவரம் அடங்கி விருந்தினர் திரும்ப வரத் தொடங்கியதும், ஆஸ்திரேலியாவுக்குத் திரும்புகிறவர்களிடம் மகனுக்கு ஒரு பொருள் கொண்டுபோக முடியுமா என்று இந்திராவதி கேட்க ஆரம்பித்தாள். கொடுப்பதை அவர்கள் முன்னாலேயே பிரித்துக் காட்டுவாள். முதலில் சான்றிதழ்கள் போயின. அவற்றைக் கொண்டு சோனம் அங்கே வேலை தேடிக்கொண்டாள். நடையாய் நடந்து இருவருக்கும் குடியுரிமைக் காகிதங்களும் கிடைத்தன. பிறகு ஆல்பம் போயிற்று, விளக்கு தண்டு வேறு தட்டு வேறாக இரண்டு பேர் பையில் போயிற்று. ஒரு குடித்தனம் முழுவதும் முன்பின் தெரியாதவர்கள் தோளில் கடல் தாண்டியது.

இரண்டாயிரத்து ஆறு டிசம்பரில் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. முன்பதிவுகள் ரத்தாயின. தீவுக்குப் போயிருந்த பிரிஸ்பேன்காரனும் பாதியில் திரும்பிவிட்டான். ரவ்னீல் போன் செய்தான். விடுதியை விற்றுவிட்டு வந்துவிடச் சொன்னான். விசாவுக்குத் தானே ஏற்பாடு செய்வதாகச் சொன்னான். ஊர் திரும்பும் பிரிஸ்பேன்காரனிடம் தன் பழைய பலகையையும் கொடுத்தனுப்பச் சொன்னான்.

"நான் வர்றத அப்புறம் பாக்கலாம்" என்றாள் தமிழில். அவனுக்குப் பாதி புரிந்திருக்கும்.

பழைய பலகை வராந்தாச் சுவரில் இரண்டு மரக்கொக்கிகளில் தொங்கியது. வெயிலில் மஞ்சளேறி, முனையில் ஒட்டுப் போட்டது. வந்து சறுக்குவேன், யாருக்கும் கொடுத்துவிடாதே என்று சொல்லி அவன் விட்டுப்போனது. விடுமுறைக்கென்றுகூட ஆறு வருடத்தில் ஒருமுறையும் அவன் வரவில்லை.

பிரிஸ்பேன்காரன் காலி உறை ஒன்றை விரித்துப் பிடித்தான். இந்திராவதி பலகையைக் கழற்றி மடியில் கிடத்தினாள். தோளில் கிடந்த துண்டால் தூசியைத் துடைத்தாள். அடியில் பல்லி முட்டை ஒட்டியிருந்த இடத்தை நகத்தால் சுரண்டினாள். அவன் உறையை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தான்.

அவள் எழுந்தாள். பலகையைத் தூக்கி அதே கொக்கிகளில் மாட்டி, நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.