இட்லிப்பூவில் அடித்த மருந்து

பிள்ளைகளா, வாசல்படி ஓரம் நிற்கிற குட்டை இட்லிப்பூச் செடியை குற்றாலம் ரோட்டு நர்சரி ஒன்றில் வாங்கினேன். முழங்கால் உயரத்துக்கு மேல் போகாது, வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும் என்றார் கடைக்காரர். சொன்னபடியே நின்றது, கொத்துக் கொத்தாகச் சிவப்பாய்ப் பூத்தது. பூவின் நரம்பை உருவித் தேனை உறிஞ்ச நீங்களாகவே பழகிவிட்டீர்கள்.

போன சாரல் சீசனுக்கு முன்னால் செடியில் மாவுப்பூச்சி அப்பியது. வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து தெளித்தேன். போகவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் நான் வேலை முடிந்து வந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று சிரித்தார்.

"அண்ணாச்சி, நெல்லுக்கு அடிச்ச மருந்து டேங்குல கொஞ்சம் கெடந்துச்சு. கீழ ஊத்த மனசு வரல. உங்க இட்லிப்பூவுக்கும் அடிச்சுட்டேன். இனி பூச்சி எட்டிப் பாக்காதுலா!"

அப்போதுதான் படியைப் பார்த்தேன். உறிஞ்சிப் போட்ட பூக்கள் சிதறிக் கிடந்தன.

"ஏட்டி, இது யாரு வேலை?"

"தம்பிதான்ப்பா. எனக்கு ஒண்ணுகூட வைக்கல, குரங்கு" என்றாய், மூத்தவளே.

பக்கத்து வீட்டுக்காரர் முகம் வெளிறிப் போய், மருந்துப் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தார். சின்னவனே, உன்னை நடுவில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பேசிக்கிட்டே வாலே."

"என்னப்பா பேச?" என்று கேட்டுவிட்டு நீ கொட்டாவி விட்டாய். அந்தக் கொட்டாவிக்கு நான் பயந்த மாதிரி எதற்கும் பயந்ததில்லை.

தென்காசி ஆஸ்பத்திரியில் டாக்டர் பாட்டிலைப் படித்தார். உன் கண்ணில் லைட் அடித்துப் பார்த்தார். "இப்ப ஒண்ணும் தெரியல. காலை வரைக்கும் இங்கன இருக்கட்டும். எச்சில் ஒழுகுனா, மூச்சு வாங்குனா உடனே சொல்லுங்க" என்றார்.

நீ தூங்கிப்போனாய். கடைவாயில் எச்சில் வடிந்தது. கத்திக்கொண்டு ஓடினேன். நர்ஸ் வந்து பார்த்து, "அண்ணாச்சி, பிள்ளைன்னா தூக்கத்துல வடியத்தான் செய்யும். நீங்க முதல்ல ஒரு டீ குடிங்க" என்றார். அதன்பிறகும் உன் வாயைத் துடைத்துத் துடைத்து விரலை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்றார். ராத்திரியே வந்து சேர்ந்திருந்த அம்மா உனக்குச் சட்டை மாட்டும்போது நான் முன்னால் கிளம்பி வந்துவிட்டேன். கையில் கேரிபேக்கைக் கட்டிக்கொண்டு, செடியில் இருந்த பூவையும் மொட்டையும் ஒன்றுவிடாமல் கத்தரித்தேன். கொல்லையில் ஆழமாகக் குழி தோண்டி மூடி, கோழி கிளறாமல் இருக்க மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தேன்.