ரங்கூனில் ஏறிய பிரெஞ்சுக் கோட்டை

கார்பைட் விளக்கின் நாற்றம், மழையில் நனைந்த சேலைகளின் ஈர வாடை... தோழிகளே, ரங்கூன் வாசகசாலைக் கூடத்தில் நடந்த அந்த மாயவிளக்குப் படக்காட்சி நினைவிருக்கிறதா?

திரையில் சேன் நதி. அதன் கரையில், வெள்ளைப் பாறை உச்சியில் ஷாத்தோ கய்யார் கோட்டை! ஒருவராலும் பிடிக்க முடியாது என்ற பெருமையோடு ஓர் இங்கிலீஷ் ராஜா பிரான்சில் கட்டியது.

படங்களை விளக்கியவள் நான். பி.ஏ. முடித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. குரல் எழும்பவே இல்லை.

காரணம், கடைசி வரிசையில் அப்பா. நகரசபையில் துப்புரவு மேஸ்திரி. உங்களிடமோ கல்லூரியின் நான்கு வருடமும் "நகரசபை உத்தியோகம்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். "வாயைத் திறக்காமல் இருங்கள், அப்பா" என்று கெஞ்சித்தான் அழைத்து வந்தேன்.

மூன்றாவது படத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு குரல். ஆற்றுக்கு அக்கரையிலுள்ள டாலாவிலிருந்து படகேறி வந்த முனியம்மாக்கா.

"ஏ பி.ஏ. பாப்பா! மதிலு, கோபுரம் எல்லாம் சரி. இத்தனை சிப்பாயிங்க கக்கூசுக்கு எங்க போவாங்க?"

கூடமே சிரித்தது. எனக்கோ அந்தப் பக்கம் மனப்பாடம்! மேஸ்திரி மகளாயிற்றே, புத்தகத்தில் அதைத்தானே மூன்று முறை படித்திருந்தேன்.

"மதிலிலேயே ஓட்டை வெச்சிருந்தாங்க அக்கா. எல்லாம் நேரா வெளிய விழும். பிரெஞ்சு ராஜா மாசக்கணக்கா முற்றுகை போட்டும் கோட்டை அசையல. கடைசியில அந்த ஓட்டை வழியாத்தான் சிப்பாயிங்க ஏறி உள்ள பூந்தாங்கன்னு சொல்றாங்க!"

"அய்யே!" என்று கூடம் அலறியது. நான் நிறுத்தவே இல்லை. கைகளை வீசி, பாறை ஏறி, நானே உள்ளே புகுந்துகொண்டிருந்தேன்...

அப்போது பின்னாலிருந்து அப்பா.

"ஓட்டைக்குக் கம்பி போடாம வுட்டது யாரு? நல்ல மேஸ்திரி ஒருத்தன் இருந்திருந்தா கோட்டை போயிருக்குமா?"

சிரிப்பு அடங்கவே இல்லை. நம் கமலாதான் கேட்டாள்: "யாருடி அது?"

வாய் தானாகத் திறந்தது. "எங்க அப்பா. முனிசிபாலிட்டியில துப்புரவு மேஸ்திரி."

கூடம் முழுக்கக் கேட்டது.

இப்போது ஊரில் பயாஸ்கோப்பு வந்துவிட்டது, படங்களே ஓடுகின்றன. நானும் ஆசிரியையாகி வகுப்பில் நடுங்காமல் பேசுகிறேன். ஆனால் ஓடாத அந்தப் படத்துக்குள் ஓடியதுபோல் பிறகு எங்கும் ஓடியதில்லை.

போன வாரம் கமலா பிரான்சிலிருந்து அதே கோட்டையின் தபால் அட்டை அனுப்பியிருந்தாள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மதில் முழுக்க விரலால் தடவிப் பார்த்தார்.

"எங்க பாப்பா அந்த ஓட்டை? இப்பவாச்சும் அடைச்சாங்களா?"