தட்டிப் பார்த்த இரும்பு

போர்க்காலத்தில் கடற்படைக்காகப் போட்ட கிளை ரயில் பாதைகளைப் பற்றி விவரம் சேகரித்துக்கொண்டிருந்தபோது குலசேகரத்தில் அவரைச் சந்தித்தேன். கேரளத் துறைமுகம் ஒன்றில் அப்படியொரு பாதையைப் பெயர்த்தெடுத்த கேங்மேன். ஒல்லியான உடம்பு, காய்ப்பு ஏறிய விரல்கள். விரிசல் இருக்கிறதா என்று தண்டவாளத்தைத் தட்டிப் பழகியவர், நாற்காலியையும் தூணையும்கூட விரல்முட்டியால் தட்டிச் சத்தம் கேட்பார்.

"கப்பலுக்குக் குண்டு கொண்டுபோன லைனு அது" என்றவர், ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்த கொட்டகைக்கு என்னைக் கூட்டிப்போய், அங்கே கிடந்த சாக்கை விலக்கினார். அடியில் முழங்கை நீளத்துக்குத் துருப்பிடித்த பீரங்கிக் குண்டு ஒன்று இருந்தது.

"லைனப் பெயர்க்கும்போது மண்ணுக்குள்ள கிடந்துது. வெறும் இரும்புன்னு நினைச்சுக் கொண்டுவந்தேன் மக்கா. வீட்டுல வச்சுத் தட்டினப்பதான் தெரிஞ்சுது, உள்ள வெடிமருந்து நிறைஞ்சு கிடக்கு."

நான் வாசலுக்குப் பின்வாங்கினேன். "போலீசுல சொல்லலியா அண்ணாச்சி?"

"சொன்னா ஜெயில்ல போடுவானுவ. நாப்பது வருசமா இந்தப் பக்கம் பிள்ளையள விட்டதில்ல."

கெஞ்சிச் சம்மதிக்கவைத்துப் போலீசுக்குப் போன் செய்தேன். அவர்கள் வரும்வரை என்னை ரோட்டுக்குத் துரத்திவிட்டு, கொட்டகை வாசலில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். வெடிகுண்டு நிபுணர்கள் அதை எடுத்துப்போய் ஆளில்லாத கல்குவாரியில் வெடிக்கவைத்தார்கள். அவரை யாரும் கைது செய்யவில்லை.

வெடித்த சத்தம் ஊர்வரை கேட்டது. அதைக் கேட்ட பிறகுதான் அவர் உடம்பு நடுங்கத் தொடங்கியது. என் கையைப் பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை. இத்தனை வருஷம் அந்த நடுக்கத்தை எங்கே வைத்திருந்தாரோ!