தாய்மார் சாகும் படங்கள்

எனக்கு ஜெர்மன் கற்றுத்தந்தது பள்ளிக்கூடம் அல்ல. பெரிய கண்ணுள்ள அநாதைப் பிள்ளைகள் கற்றுத்தந்தார்கள். எண்பதுகளின் பிற்பகுதியில் சுவிஸ் நாட்டின் ஆரா நகரில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அம்மாவும் நானும் மாமாவும் இருந்தோம். மாமா அம்மாவின் தம்பி. எங்களுக்கு முன்பே வந்து ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர். அப்பா யாழ்ப்பாணத்தில் சந்தைக்குப் போன இடத்தில் ஷெல் விழுந்து செத்துப்போனார். அதற்குப் பிறகுதான் மாமா கடன் பட்டு எங்களைக் கூப்பிட்டார். எனக்கு ஒன்பது வயது. எனக்கென்று மிச்சம் இருந்தது அம்மா மட்டும்தான்.

அம்மாவுக்கு ஒரு ஹோட்டலின் சலவை அறையில் வேலை. அவர் வரும்வரைக்கும் நான் கதவைப் பூட்டிக்கொண்டு தனியே இருக்க வேண்டும். அதற்காகவே மாமா பழைய சாமான் கடையில் ஒரு ரீவி வாங்கி, முதுகில் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறி வந்தார். எல்லாவற்றையும் கொஞ்சம் பச்சை நிறமாகக் காட்டும் ரீவி. பின்னேரத்தில் அதில் கார்ட்டூன் போகும். வகுப்புப் பிள்ளைகள் பேசிய சுவிஸ் ஜெர்மன் எனக்குப் பிடிபடவே இல்லை, தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது மாதிரிப் பேசுவார்கள். ரீவிக்குள் இருந்த பிள்ளைகள் பேசியது புத்தக ஜெர்மன். நிதானமாக, அழுதுகொண்டே, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார்கள்.

கலங்கரை விளக்கில் வாழும் ஒரு சிறுமி. நிலக்கரிப் படகில் போகும் அக்காவும் தம்பியும். கழுதையோடு மலை தாண்டிப் போகும் ஒரு பையன். இவையெல்லாம் வேறு வேறு ஆட்கள் செய்த வேறு வேறு படங்கள் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். ஒருநாள் அந்தப் பையன் ஓடும்போது எனக்குச் சந்தேகம் வந்தது. அது கலங்கரை விளக்குச் சிறுமியின் ஓட்டம். அதே முழங்கால், அதே குதி. பின்னால் போன மரங்கள்கூட அதே மூன்று மரங்கள்தான், சுற்றிச் சுற்றி வந்தன. ஒரே ஓட்டத்தை வரைந்து வைத்துக்கொண்டு ஊர்ப் பிள்ளைகள் எல்லாரையும் அதிலேயே ஓடவிட்டிருக்கிறார்கள். நல்ல சிக்கனம்.

அன்றிலிருந்து கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். எல்லாம் ஒரு கை செய்த வேலை. பேசும்போது வாய் மட்டும் அசையும், முகம் அசையாது. கண்ணின் கறுப்புக்குள் இரண்டு வெள்ளைப் பொட்டு, அழப்போகிறார்கள் என்றால் மூன்று. நல்ல மனுசி என்றால் குண்டாக, பாண் ரொட்டி சுடுபவளாக இருப்பாள். கெட்டவனுக்கு மூக்கு நீளும். ஆட்களை வரைவதில் இப்படிக் கஞ்சத்தனம் பண்ணினவர்கள், மலையையும் வானத்தையும் மட்டும் ஆற அமர இருந்து தீட்டியிருப்பார்கள். புல்லில் காற்றுப் போகும் இடத்தில் எனக்கு மூச்சே நின்றுவிடும்.

தோக்கியோவில் ஒரே ஸ்தாபனத்தில் இருந்து வந்த படங்கள் அவை என்பது நான் வளர்ந்த பிறகு அறிந்த சங்கதி. அப்போது எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் மாமாதான் அதிகாரி.

"உது இஞ்சை எடுத்தது பிள்ளை. லூட்சேர்ன் போகேக்கை உந்த மலையை நான் கண்டனான்."

"எடுத்ததில்லை மாமா, கீறினது."

"மலையைப் பாத்துத்தானே கீறினவங்கள்?"

மாமாவோடு கதைத்து வெல்ல ஏலாது.

கெட்டது நடக்கும்போது மட்டும் அந்தப் படங்கள் எல்லாம் இன்னொன்று செய்யும். யாரோ கையில் இருந்து கோப்பை நழுவும். அது விழுவதை ஒரு தரம் காட்டி, திரும்ப ஒரு தரம், பிறகும் ஒரு தரம் காட்டுவார்கள். பிறகு படம் அசையாமல் நின்றுவிடும். நின்ற படம் மெல்ல மெல்ல கரும்பலகையில் வெண்கட்டியால் கீறியதுபோல் மாறும். பாட்டு இருக்காது, காற்றுச் சத்தம் மட்டும். அப்படி நின்றதென்றால் தாய் சாகப்போகிறாள் என்று அர்த்தம். எப்போதும் தாய்தான். தகப்பன்மார் கதை தொடங்குமுன்பே போயிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்பது ஒருநாள் சும்மா இருக்கும்போது மூளைக்குள் வந்தது. அதன் பிறகு எனக்கு நிம்மதி இல்லை.

சாகப்போகும் தாயை முதல் காட்சியிலேயே கண்டுபிடித்துவிடலாம். மற்றப் பெண்கள் கொண்டை போட்டிருப்பார்கள், முக்காடு போட்டிருப்பார்கள். இவள் மட்டும் தலைமயிரைத் தளரக் கட்டி ஒரு பக்கத் தோளுக்கு முன்னால் விட்டிருப்பாள். மெல்லிய குரலில் பேசுவாள். சிரித்துக்கொண்டே இருமுவாள். மூன்று படத்தில் பார்த்துவிட்டு நாலாவதில் தாயின் தோளைத்தான் முதலில் பார்த்தேன். அங்கே கிடந்தது பின்னல்.

என் அம்மாவுக்கு இடுப்புவரை தலைமயிர். முதுகில் விட்டால் சலவை அறையின் உருளைக்குள் இழுத்துவிடும் என்று பயந்து, பின்னி வலது தோளுக்கு முன்னால் போட்டுக்கொள்வார். வீட்டுக்கு வந்த பிறகும் அது அங்கேயேதான் கிடக்கும். அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு இருமலும் பிடித்தது.

"அம்மா, கொண்டை போடுங்கோ," என்றேன் ஒரு காலையில்.

"என்னத்துக்கு?"

"வடிவாயிருக்கும்."

"கொண்டை போட எனக்கென்ன அறுபது வயசோ? விடு பிள்ளை, நேரம் போச்சு."

நான் கதவுக்குக் குறுக்கே நின்று அழுதேன். சும்மா அழுகை இல்லை, கீழ் மாடிக்காரர் வந்து பார்க்கும் அழுகை. சத்தம் என்றால் அம்மாவுக்குப் பயம், பொலிசைக் கூப்பிடுவார்கள் என்று நினைப்பார். அவசரமாகக் கொண்டையைச் சுற்றி, ஊசி குத்தி, "உனக்கு விசர்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். ஆனால் கொண்டை பின்னேரம்வரை தாங்காது. நீராவியில் அவிழ்ந்து, அவர் வீடு திரும்பும்போது பின்னல் பழையபடி தோளில் கிடக்கும். வாசலிலேயே பாய்ந்துபோய் அதைப் பிடித்து முதுகுக்குத் தள்ளுவேன். நான் தன்னைக் கட்டிப்பிடிக்கத்தான் வருகிறேன் என்று அவர் நினைத்தார்.

அம்மாவுக்கு இருந்த பயங்கள் வேறு. தபால்காரருக்குப் பயந்தார், எங்கள் விசா விசயமாக என்ன கொண்டுவருவாரோ என்று. ஞாயிறு மாலைகளில் ராணுவப் பயிற்சி முகாமுக்குத் திரும்புவதற்காக ரயிலில் துவக்கோடு உட்கார்ந்திருக்கும் சுவிஸ் பையன்களுக்குப் பயந்தார். அவர்கள் சொக்லேட் தின்றுகொண்டு இருந்தாலும் அம்மா அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார். நான் துவக்கைத் திரும்பியும் பார்க்கமாட்டேன். நான் அம்மாவின் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் இருக்கும்போதும் அதே நினைப்புத்தான். யார் கதவைத் தட்டினாலும் எனக்குச் செய்தி கொண்டுவந்திருக்கிறார்கள் என்று கதவையே பார்ப்பேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நடந்துவிடும் என்று நினைத்தேன்.

மாசி மாதத்தில் இருமல் கூடி, அம்மாவை டொக்டரிடம் கூட்டிப்போனோம். மாமா லீவு எடுத்து வந்தார், மொழிபெயர்க்க. மாமாவின் ஜெர்மன் குசினி ஜெர்மன். கத்தி, தட்டு, கெதியாய், முடிஞ்சுது. டொக்டர் வெள்ளித்திரை போன்ற ஒரு பெட்டியில் அம்மாவின் நெஞ்சு எக்ஸ்ரே படத்தைக் கொளுவி, பேனாவால் ஓர் இடத்தைத் தொட்டு, ஒரு சொல் சொன்னார். நிழல். அந்தச் சொல் மாமாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கலங்கரை விளக்குப் படத்தில் படகில் வந்த டொக்டரும் அதையேதான் சொன்னார். அவர் அதைச் சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். இவரும் கழற்றினார். படம் நின்றுவிடுமோ என்று அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கண் இமைத்தார். அது போதும் என்றிருந்தது.

"சின்னப் புள்ளி ஒண்டாம் அக்கா," என்றார் மாமா. "பாசலிலை பெரியாஸ்பத்திரியிலை வெட்டி எடுத்துப் பாப்பினமாம். பாத்தால்தான் என்னெண்டு சொல்லலாமாம்."

"வெட்டவோ?"

"ஓம். பயப்பிட ஒண்டுமில்லையாம்."

பயப்பட ஒன்றுமில்லை என்று டொக்டர் சொல்லவே இல்லை. அது மாமாவின் சொந்தச் சரக்கு.

அம்மாவை வேலைக்குப் போகவேண்டாம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்கும்வரை வீட்டில் இருந்தார். சோறு சமைப்பார், எங்களுக்குப் போடுவார், தன் தட்டில் இரண்டு வாய் அளைந்துவிட்டு எழும்புவார். மாமா அதட்டினால், பசிக்கவில்லை என்பார். பின்னேரங்களில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கார்ட்டூன் பார்க்கத் தொடங்கினார். இது எனக்குப் புதிய தலையிடி. அந்தப் படங்களின் சட்டம் அம்மாவுக்கும் தெரிந்துவிட்டால்? கெட்ட இடம் வரப்போகிறது என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். வானம் தேவைக்கு மேல் சிவக்கும். உடனே எனக்குத் தண்ணீர் விடாய்க்கும், கால் உளையும், எதையாவது காட்டி அவரை எழுப்பிவிடுவேன். அம்மாவுக்கு ஜெர்மன் தெரியாது. "தாய் எங்கை?" என்று கேட்டால், "ரவுணுக்குப் போட்டா," என்பேன். எத்தனை தாய்மாரை அப்படிப் பட்டணத்துக்கு அனுப்பினேனோ தெரியாது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அம்மா பாசல் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி வந்தார். புள்ளி கெட்ட புள்ளி இல்லை. இன்றைக்கும் இருக்கிறார், நான் கறிக்கு உப்புக் குறைத்துப் போடுகிறேன் என்று இன்றைக்கும் குறை சொல்கிறார். அதற்காகப் பயப்பட்டுக்கொண்டு இனி வாசிக்கவேண்டாம். நான் சொல்ல நினைத்தது அவர் பாசலுக்குப் போவதற்கு முதல்நாள் நடந்ததைத்தான்.

அன்று நிலக்கரிப் படகுக் கதையைத் திரும்ப முதலில் இருந்து போட்டார்கள். பிள்ளைகளின் தாய் படகின் விளிம்பில் உட்கார்ந்து துணி தோய்க்கிறாள். தோளில் பின்னல். நான் பாய்ந்துபோய் ரீவியை நிற்பாட்டினேன்.

"முடிஞ்சுது," என்றேன்.

"இப்பதானே துவங்கினது? போடு."

"நல்லாயில்லை அம்மா."

"போடு பிள்ளை."

போட்டேன். வானம் சிவந்தது. தாயின் கையில் இருந்து வாளி நழுவி விழுந்தது. திரும்ப விழுந்தது. திரும்பவும் விழுந்தது. நான் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். காற்றுச் சத்தம் கேட்டது. அம்மாவின் கை என் தலையில் இருந்தது, அசையவில்லை. அந்தக் கையும் நின்ற படமாகிவிட்டதோ என்று நான் மூச்சுவிடாமல் கிடந்தேன்.

பிறகு அம்மா கேட்டார், வெகு சாதாரணமாக.

"உந்தப் பெட்டை இனி என்ன செய்வாள்?"

அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. ரவுணுக்குப் போன கதையை அவர் ஒருநாளும் நம்பியிருக்கவில்லை.

"தம்பியையும் கூட்டிக்கொண்டு படகிலை போவாள்," என்றேன், மடிக்குள் இருந்தபடியே.

"ஆர் சாப்பாடு குடுக்கிறது?"

"பாண் சுடுற மனுசி ஒண்டு வரும். அவ குடுப்பா."

"அவ நல்லவவோ?"

"ஓம். எல்லாப் படத்திலையும் நல்லவ."

"அடிக்கிறவையும் இருப்பினம், என்ன?"

"ஒரு மூக்கன் அடிப்பான். பிறகு அவன் தண்ணிக்குள்ளை விழுந்து போவான்."

"பள்ளிக்கூடம் போறேல்லையோ?"

"கடைசியிலை போவாள்."

ரீவியில் அக்கா அழுதுகொண்டு ஓடினாள், அந்தப் பழைய ஓட்டம். அம்மா என் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"நீ உதுகளிலை எல்லாம் பாத்திட்டாய்தானே?"

"ஓம்."

"ஒண்டிலையாவது பிள்ளை செத்துப் போகுமோ?"

நான் யோசித்தேன். எனக்குத் தெரிந்த படங்கள் எல்லாவற்றையும் கடைசிவரை ஓட்டிப் பார்த்தேன். பனியில் விழுவார்கள், பசியில் கிடப்பார்கள், ஆற்றில் அள்ளுண்டு போவார்கள்.

"இல்லை அம்மா. பிள்ளை சாகாது."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"ஓம். ஒண்டிலையும் சாகாது. தனிய வெளிக்கிட்டாலும் கடைசி மட்டும் இருக்கும்."

"அப்ப சரி," என்றார் அம்மா.

அவர் முகத்தில் இருந்து ஏதோ இறங்கிப் போனதை நான் கண்ணால் கண்டேன். எழும்பி, குசினிக்குப் போய், பகல் வைத்த சோற்றைச் சுடவைத்தார். எனக்கு ஒரு தட்டு, தனக்கு ஒரு தட்டு. பருப்பை ஊற்றி, அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, பிசைந்து சாப்பிடத் தொடங்கினார். இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டார்.

"சாப்பிடு பிள்ளை, ஆறப்போகுது," என்றார்.

நான் சோற்றில் கை வைக்கவில்லை. தான் இல்லாவிட்டாலும் பிள்ளை இருக்கும் என்று நானே அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்போ பின்போ அப்படிப் பயந்ததில்லை. அம்மா பல நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.