சித்திரையிலும் வற்றாத கிணறு

இனி வாங்கினால் தண்ணீர் கண்ணில் படுகிற இடத்தில்தான் நிலம் வாங்குவேன் என்று என் வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நின்றார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்பேட்டைக்காக எங்கள் இரண்டு ஏக்கரையும் எடுத்துக்கொண்ட சமயம் அது. எழுபதுகளின் நடுப்பகுதி. இழப்பீட்டை உட்கார்ந்து தின்றால் ஒரு வருஷம் தாங்கும், நிலமாக மாற்றினால் ஆயுசுக்கும் தாங்கும். நிலம் அமையாவிட்டால் அவர் ஏதாவது ஒரு கம்பெனி வாசலில் கூலிக்கு நிற்க வேண்டும். "அதுக்கு நான் செத்துப் பூடலாம்" என்றார் ஒரு நாள். கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னார். அன்றிலிருந்து பூச்சி மருந்து பாட்டிலை நான் வாரத்துக்கு ஒரு இடமாக மாற்றி வைக்க ஆரம்பித்தேன்.

அவர் பிடிவாதத்தையும் குறை சொல்ல முடியாது. எங்கள் பழைய நிலம் ஏரிப் பாசனத்தில் கடைசி வயல். மதகு திறந்தால் மேலே இருக்கிறவர்கள் எல்லாரும் பாய்ச்சி முடித்து, போனால் போகிறதென்று விட்டதுதான் எங்களுக்கு. மண்வெட்டியோடு கால்வாயில் நின்று சண்டை போட்டே அவருக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. அதனால் ஏரிக்கரையை ஒட்டி ஒரு நல்ல நிலம் விலைக்கு வந்தபோது, மண் பொன்னாக இருந்தும், "மறுபடியும் மதகாண்ட போயி நிக்கணுமா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்தது ஓர் ஆற்றங்கரை நிலம். விற்கிறவர் காட்டிய எல்லைக்கல்லே ஆற்றுக்குள் சரிந்து கிடந்தது. "ஆத்துக்குள்ள இருக்கிறதையும் சேத்து எழுதிக் குடுப்பீங்களா?" என்று நான் கேட்டேன். அந்த மனிதருக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது, கிழக்கே உப்பங்கழியை ஒட்டி இருந்தது. வரப்பில் நின்றால் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். கழித் தண்ணீர் உப்பு என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் வயலுக்கு நடுவில் ஒரு பெரிய கிணறு இருந்தது, குனிந்தால் கைக்கு எட்டுகிற உயரத்தில் தண்ணீர். அவர் இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார். "கழி உப்பா இருந்தா நமக்கின்னா? இத்தக் குடிச்சிப் பாருமே, எளநீ மாதிரி கீது" என்றார். நானும் குடித்தேன். இனிக்கத்தான் செய்தது.

அது தை மாதம். எங்கள் குடும்பத்தில் தை பிறந்துதான் நிலத்துக்கு விலை பேசுவது வழக்கம். ஆடி ஆகாது, மார்கழி ஆகாது, சித்திரை வெயிலில் எவனும் வரப்பில் நடக்க மாட்டான். பரம்பரையாக வாங்கியதெல்லாம் ஏரி நிலம். தையில் நன்றாக இருக்கிற தண்ணீர் சித்திரையில் வற்றலாம், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த கெடுதல். ருசி மாறும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அதனால் நானும் அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டேன். நிலத்துக்காரர் மனைவி என்னை வீட்டுக்குள் கூட்டிப்போனாள். வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் பானையும் தவலையுமாக அடுக்கி வைத்திருந்தாள். வசதியான குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன்.

"சித்திரைல கெணறு எப்டிக்கா? வத்திப் பூடுமா?" என்றேன்.

அவள் என் இடுப்பிலிருந்த மகளின் தலையைத் தடவினாள். "எந்தச் சித்திரைலயும் வத்தாது தங்கச்சி. நான் வாக்கப்பட்டு வந்ததுலருந்து பாக்குறேன்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு அது போதும். வரப்பில் நின்ற அவரிடம் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சொன்னேன். வேண்டாமென்று சொல்லியிருந்தாலும், மண்ணை மறக்க முடியாமல் அது வரைக்கும் அவர் மனம் அந்த ஏரிக்கரை நிலத்துக்கும் இதற்கும் நடுவில் ஆடிக்கொண்டுதான் இருந்தது. முடித்து வைத்தது நான்.

கிரயம் முடிந்ததும் அவர்கள் காலி செய்து கொடுத்த வீட்டில் இரண்டு பானைகள் மட்டும் இருந்தன. மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

உடனே நவரைப் பட்டத்துக்கு நெல் நட்டோம். இன்ஜின் போட்டு இறைத்தார். மதகை எதிர்பார்க்காமல் வேளா வேளைக்குத் தண்ணீர் பாய்ச்சிய சந்தோஷத்தில் மனிதர் பாட்டெல்லாம் பாடினார். பங்குனி பாதியில் ஒரு நாள் அடுப்பில் துவரம்பருப்பு வேகவே இல்லை. எவ்வளவு விறகு வைத்தும் கல்லாகக் கிடந்தது. பருப்பு பழசு என்று கடைக்காரரைத் திட்டினேன். மறுவாரம் பயிரின் நுனி கருகியது. கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தவர், உப்புக் கரித்ததும் துப்பிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

கழியில் வலை போடுகிற பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். "மழைத் தண்ணி மேல நிக்கும் நைனா, உப்பு அடீல நிக்கும். இன்ஜின வச்சி நீ இழுக்க இழுக்க உப்பு மேல வந்துகினே இருக்கும். இங்க இருக்கிறவன் எவனும் வெயில்ல எறைக்க மாட்டான்" என்றார். கிணறு மட்டும் வற்றவில்லை. நிலத்துக்காரர் மனைவி ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை.

பயிர் போயிற்று. குடிக்கிற தண்ணீருக்கு ஒரு மைல் நடந்து பக்கத்து ஊர்க் குளத்துக்குப் போனேன். ஒரு நடைக்கு இரண்டு குடம். அப்போதுதான் அந்தப் பானைகள் எல்லாம் எதற்கென்று உறைத்தது. விட்டுப்போன இரண்டு பானைகளில்தான் நானும் தண்ணீர் சேர்த்து வைத்தேன். போதாமல் இன்னும் நாலு வாங்கினேன். ஐப்பசி மழையில் கழி பொங்கி வயலில் ஏறி, வைத்த சம்பாவும் பாதி அழுகியது. என் வீட்டுக்காரர் பேச்சை நிறுத்திவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், இல்லாவிட்டால் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்திருப்பார். பூச்சி மருந்து பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்க் கழியில் கொட்டிவிட்டு வந்தேன். கிணற்றை என்ன செய்ய முடியும்? அவர் அங்கே போகிற நேரமெல்லாம் நான் பின்னாலேயே போய்ச் சும்மா நின்றேன்.

விற்றுவிடுவது என்று முடிவு செய்தோம். மறு தையில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் நிலம் பார்க்க வந்தார்கள். திருவள்ளூர்ப் பக்கத்து விவசாயிகள். அண்ணன் தம்பி பாகத்தில் கிடைத்ததை விற்றுவிட்டு, தண்ணீர் உள்ள இடமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். வருகிறார்கள் என்று தெரிந்ததுமே, முதல் நாளே நான் ஆறு பானைகளையும் வைக்கோல் போருக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்தேன். யாரும் சொல்லவில்லை. என் புத்திதான்.

மழைக்குப் பிறகு கிணற்றுத் தண்ணீர் மறுபடியும் இனித்தது. அந்த மனிதர் கையால் அள்ளிக் குடித்துத் தலையை ஆட்டினார். என் வீட்டுக்காரர் கழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண்ணுக்கு என்னைவிட வயது குறைவு. கைக்குழந்தையோடு என் கிட்டே வந்தாள்.

"வெயில் காலத்துல கெணறு வத்துமாக்கா?"

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கிணற்று மேட்டில் நின்றவரைப் பார்த்தேன். ஆள் பாதியாகிப் போயிருந்தார்.

"எந்தச் சித்திரைலயும் வத்தாதும்மா" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துபோயிற்று. வரப்பில் நின்ற புருஷனிடம் சொல்ல ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

நிலம் கை மாறிய மறுநாள் வண்டி கட்டினோம். இத்தனை வருஷமாக எனக்கு நானே பல சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவர் பிழைத்தார், பிள்ளைகள் பிழைத்தார்கள், எல்லாம் உண்மைதான். ஆனால் எங்களுக்கு விற்ற அந்தப் பெண் எனக்கென்று இரண்டு பானைகளை விட்டுவிட்டுப் போனாள். நான் அவற்றையும் சேர்த்து வண்டியில் ஏற்றினேன்.