மூன்று வேலை செய்யும் பெட்டி

மகளின் பள்ளிக்கூட வேலைக்கும் உதவும், தன் ஆபீஸ் வேலைக்கும் ஆகும் என்று போன மாதம் என் கணவர் வீட்டுக்கு ஒரு கலர் பிரிண்டர் வாங்கலாம் என்றார். விலைகூடப் பார்த்து வைத்திருந்தார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

"பிரிண்டருக்குப் போய் இன்னாம்மா கோபம்?" என்றாள் மகள்.

கோபம் இல்லை. இந்த வயதிலும் அந்தப் பேச்சு வந்தால் என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடிவதில்லை. அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் வருமோ என்று பார்க்கிறேன்.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அப்பா வேலையை விட்டார். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் நிறம் பார்ப்பவராக இருந்தார். வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய சாம்பிள் துண்டையும் இங்கே சாயம் ஏற்றிய தோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒன்றா என்று சொல்ல வேண்டும். அவர் ஒன்று என்றால் சரக்கு கப்பல் ஏறும். இல்லை என்றால் மறுபடி சாய டிரம்முக்குப் போகும். மற்றவர்கள் பழுப்பு என்று ஒரே சொல்லில் முடிப்பதை அவர் புளியங்கொட்டை, பனைவெல்லம், துருப்பிடித்த ஆணி என்று பிரித்துப் பிரித்துச் சொல்வார். அம்மா மிளகாய்த்தூள் கடையை மாற்றினால் குழம்பை வாயில் வைக்கும் முன்பே தெரிந்துவிடும்.

அந்தக் கண்ணை நம்பித்தான் சொந்தமாக ஏஜென்ட் வேலை தொடங்கினார். வெளிநாட்டுச் செருப்புக் கம்பெனியின் ஆர்டரைப் பிடித்து, ஆம்பூரில் ஒரு பட்டறையில் தோல் செய்து வாங்கி அனுப்பினால் கமிஷன் வரும். சத்துவாச்சாரியில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். ஒரு மேசை, ஒரு டெலிபோன். அம்மா நர்ஸ். அவருடைய சம்பளத்தில் வீடு ஓடும், ஒரு வருடம் பார்க்கலாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

ஜெர்மனியிலிருந்து முதல் ஆர்டர் கிடைத்தது. அவர்களோடு பேச்செல்லாம் ஃபேக்ஸில்தான். எங்களுக்கு வரும் ஃபேக்ஸ் தெருமுனை எஸ்.டி.டி. பூத்தில் இறங்கும். பூத்காரர் அதை முதலில் தான் படித்துவிடுவார். அப்பா தெருவில் வரும்போதே, "சார், ஜெர்மன்காரன் சரக்கு இன்னாச்சின்னு கேக்கறான்" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்வார். அப்பாவுக்கு அது பெரிய பேஜார். சொந்தமாக ஒரு மெஷின் வாங்குவது என்று முடிவானது.

எந்த மெஷின் என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. சுருள் காகிதத்தில் ஃபேக்ஸ் மட்டும் இறங்கும் மெஷின் விலை கம்மி. நல்ல லேசர் மெஷின் எங்களுக்கு எட்டாது. நடுவில், ஃபேக்ஸ், பிரிண்ட், கலர் ஜெராக்ஸ் மூன்றும் செய்யும் மை மெஷின் ஒன்று புதிதாக வந்திருந்தது. ஷூ கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதிய தாய்மாமா சுருள் கட்சி.

"ஃபேக்ஸ் வரணும், போவணும். அவ்ளோதான மாமா? கலரு எதுக்கு? தோலையா ஜெராக்ஸ் எடுக்கப் போறீங்க?"

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அப்பாவின் மனதில் இருந்தது அதுவேதான்.

ஒரு நிறத்துக்கு ஜெர்மன்காரர்கள் அனுப்புவது உள்ளங்கை அளவு துண்டு ஒன்று. அது பட்டறைக்குப் போனால், சாயம் போடும் மேஸ்திரி தனக்கென்று ஒரு மூலையைக் கத்தரித்து வைத்துக்கொள்வார். பாலிஷ் போடுகிறவர் இன்னொரு மூலை. முதலாளி சட்டைப்பைக்கு ஒரு சிட்டிகை. தோல் தயாராகும்போது ஒத்துப்பார்க்க மிஞ்சுவது நகம் அளவுதான். எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான், யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. துண்டைக் கலரில் ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, நிஜத் துண்டை வீட்டில் பத்திரமாக வைத்தால் என்ன என்பது அப்பாவின் யோசனை.

வேலூரில் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். கடைக்காரர் பூப்படம் ஒன்றை எடுத்துக் காட்ட வந்தார். அப்பா அதைத் தடுத்து, சட்டைப்பையிலிருந்து துண்டை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தார். மெஷின் முனகியது. ஈரமாக ஒரு தாள் வெளியே வந்தது. டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டையும் ஒட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"என் கண்ணே ஏமாறுது மச்சான்" என்றார் மாமாவிடம்.

இவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதன் அதைச் சொல்லி நான் பிறகு கேட்டதில்லை.

மெஷின் வந்தது. அப்பா அதற்கு அம்மாவின் பழைய சேலையைக் கிழித்து உறை தைக்கச் சொன்னார். ஃபேக்ஸ் இறங்கினால் ஓடிப்போய் எடுத்து அவரிடம் கொடுப்பது என் வேலை. வேறு யாரும் தொடக்கூடாது. அது கிறிஸ்துமஸ் நேரம். சர்ச் கேரல் பாட்டுக்கு நோட்டீஸ், பக்கத்து வீட்டுப் பையனுக்கு நட்சத்திரப் படம் என்று யார் கேட்டாலும் கலரில் அடித்துக் கொடுத்தார்.

"ஊருக்கெல்லாம் அடிச்சிக் குடுக்கறீங்களே, மை இன்னா தண்ணியா?" என்று அம்மா கேட்டார்.

"சந்தோஷத்துக்குத்தாம்மா" என்றார் அப்பா.

ஜனவரியில் மை தீர்ந்தது. புது மைப்பெட்டி விலை கேட்டு அப்பா கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டதாக மாமா சொன்னார். மெஷினைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு மையில் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மாமாவே ஒரு வழியும் சொன்னார். பஜாரில் ஒருவர் காலி மைப்பெட்டிக்குள் ஊசியால் வேறு மை ஏற்றித் தருவார், விலை கால்வாசிதான்.

"ஊசி போட்டுட்டாங்களா? பொழைச்சிக்கும்" என்றார் அம்மா. எல்லோரும் சிரித்தோம்.

பட்டறையில் ஈரமில்லாத கை ஏது. முதலில் கொடுத்த ஜெராக்ஸ் தாள்கள் தண்ணீர் பட்டு ஒழுகிவிட்டன. அப்பா புதிதாக எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஊசி போட்ட மையில் எடுத்தவை. பட்டறை முதலாளி பாய் தாளைத் தட்டித் தட்டிப் பார்த்து, "இன்னா தோஸ்த், தோலயே பேப்பரு ஆக்கிட்டியே" என்று மெச்சினாராம். தோல் தயாரானதும் அப்பாவே போய் ஒத்துப்பார்த்தார். அவர் கையில் இருந்ததும் அதே மையில் எடுத்த தாள்தான். இரண்டும் அச்சாக ஒன்று. நிஜத் துண்டு அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு நடுவில் பத்திரமாக இருந்தது. சரக்கு கப்பல் ஏறியது.

அந்த ஃபேக்ஸ் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தது. அதில் இருந்த இங்கிலீஷ் எனக்குப் புரியவில்லை. பெரிய எழுத்தில் ஏதோ இருந்ததால் நல்ல சேதி என்று நினைத்து, "ஜெர்மனிப்பா, ஜெர்மனி" என்று கத்திக்கொண்டே கொல்லைக்கு ஓடினேன். அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னத்தில் சோப்பு இருக்கும்போதே படித்தார். பிறகு அந்தக் கன்னத்தைச் சவரம் செய்யவே இல்லை.

பின்னால் நடந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சரக்கு அத்தனையும் நிறம் தப்பு என்று தள்ளப்பட்டது. அப்பா பழைய தொழிற்சாலைக்கே போய் நின்றார். சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் நிறம் பார்க்க இல்லை. கேட்டில் லாரி வரவு எழுத. பட்டறை பாய் நல்லவர், தோலுக்குப் பணம் வராவிட்டாலும் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தைகூடக் கடுமையாகப் பேசவில்லை. அவர் டீ குடித்துவிட்டுப் போனதும் அப்பா சுவரைப் பார்த்துப் படுத்தார். அப்படிப் படுப்பது பிறகு பழக்கமாகிவிட்டது.

ஆனால் எனக்கு மறக்காதது அந்தச் சனிக்கிழமைதான். அப்பா பீரோவைத் திறந்து நிஜத் துண்டை எடுத்தார். கொல்லையில் துணி துவைக்கும் கல்லின்மேல், வெயிலில், அதையும் ஜெராக்ஸ் தாளையும் பட்டறைத் தோலில் ஒரு துண்டையும் வரிசையாக வைத்தார். ஊசி மையில் எடுத்த தாளும், அதைப் பார்த்துச் செய்த தோலும் செங்கல் சிவப்பு. நிஜத் துண்டு தனியாக, வேறு ஜாதியாகக் கிடந்தது.

"பாப்பா, நீ சொல்லு. எல்லாம் ஒண்ணா இருக்கா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். "ஒண்ணாத்தாம்ப்பா இருக்கு."

அப்பா எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு முன்னறைக்குப் போனார். நிஜத் துண்டையும் பட்டறைத் தோலையும் ஒட்டினாற்போல் கண்ணாடிமேல் வைத்து, மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஜெர்மனி நம்பரைப் போட்டார். போய்ச் சேர்ந்தது என்பதற்கு அத்தாட்சியாக மெஷின் ஒரு தாளைத் துப்பியது. அதில் இரண்டு கறுப்புக் கட்டங்கள். எது நிஜம், எது பட்டறை என்று சொல்லவே முடியாது.

"பாத்தியாப்பா, ஒண்ணுதான்" என்றேன். மெஷினும் என் பக்கம் பேசியதில் எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் என் தலையில் கையை வைத்தார். கை கனமாக இருந்தது.

ஃபேக்ஸில் நிறம் போகாது என்பது அவருக்குத் தெரியாதா என்ற கேள்வி அன்று எனக்கு எழவில்லை. பதில் வந்தால் முதல் ஆளாக எடுத்துக்கொண்டு ஓட வேண்டுமே என்று விளையாடக்கூடப் போகாமல், இருட்டும்வரை அந்தப் பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.