எளிமை வாழ்க்கைக்கு ரியோ வரை

டப்ளினில் என்னோடு வேலை பார்க்கும் இரண்டு தோழிகளும் நானும் விடுமுறைக்கு பிரேசில் போனோம். ரியோ கடற்கரையில் மலிவான ஹாஸ்டல் ஒன்றை அவர்களே புக் செய்திருந்தார்கள். ஒரே அறையில் ஆறு பெண்களுக்கு அடுக்குக் கட்டில்கள், எல்லாருக்கும் சேர்த்து ஒரு குளியலறை.

"சிம்பிளா வாழ்ந்து பாக்கணும்டி. இதுதான் ரியல் எக்ஸ்பீரியன்ஸ்" என்றாள் ஒருத்தி. அவள் வீட்டில் விருந்தாளிக்கே தனிக் குளியலறை உண்டு.

அந்த எக்ஸ்பீரியன்ஸ் எனக்குக் கல்லூரி முடியும்வரை இலவசமாகவே கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். நான் படித்ததே வாளியோடு வரிசையில் நிற்காமல், கதவைச் சாத்திக்கொண்டு நிதானமாகக் குளிக்கத்தான். தனி அறை கேட்கலாம் என்று வாய்வரை வந்தது. "பழசெல்லாம் மறந்துட்டியா?" என்பார்களே என்று கௌரவம் தடுத்தது.

மறுநாள் காலை குளியலறை வாசலில் துண்டோடு வரிசை. தோழிகளின் எளிமை அந்த வரிசையிலேயே முடிந்தது. மதியத்துக்குள் எதிரே இருந்த பெரிய ஹோட்டலுக்குப் பெட்டிகளை உருட்டினார்கள்.

"நீயும் வாடி. இங்க எப்படி இருப்ப?"

"எனக்குப் பழக்கம்தான். நீங்க போங்க."

அறையில் இருந்த மற்ற மூவரும் அன்றே ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். புதிதாக யாரும் வரவில்லை. ஜன்னல் நிறையக் கடல், குளியலறை முழுக்க எனக்கு. கதவைச் சாத்திக்கொண்டு, வெந்நீர் தீரும்வரை குளித்தேன்.

வெளியே வந்தபோது போனில் செய்தி: "பாவம்டி நீ. ரொம்ப கஷ்டமா இருக்கா?"

"சமாளிக்கிறேன்" என்று ஈரக் கையோடு பதில் அனுப்பினேன்.